பெரியப்பாவும் ஐந்து யந்திரங்களும்

மன்னார்குடியில், ஹரித்ரா நதித் தெப்பக்குளத்துக்கு அருகே ஒரு தெருவில் என் பெரியப்பா இருக்கிறார். வயது 84. பெரியம்மாவுக்கு 78. பிள்ளை பெங்களூரில், பெண் அமெரிக்காவில். இதிலெல்லாம் விசேஷம் ஒன்றும் இல்லை. காவிரிப் பக்கத்து ஊர்களில் எந்தத் தெருவில் போய்க் கதவைத் தட்டினாலும் இப்படி ஒரு தம்பதி வந்து திறப்பார்கள். திறக்கக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான். விசேஷம் அவர்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தது. 2025 மே மாதம் என் பையனையும் அழைத்துக்கொண்டு அங்கே போயிருந்தபோது எண்ணிப் பார்த்தேன். ஐந்து யந்திரங்கள்!

முதலாவது, சின்னச் சொம்பு மாதிரி உருண்டையாக ஒரு பேசும் டப்பா. கேட்டால் தேதி சொல்லும், கிழமை சொல்லும், மழை வருமா என்றும் சொல்லும். இரண்டாவது, சுவரில் மாட்டிய காமிரா. கூடத்தில் நடப்பதை அக்கா நியூ ஜெர்ஸியில் உட்கார்ந்துகொண்டே பார்க்கலாம். மூன்றாவது, வேளைக்கு ஓர் அறையாகப் பிரித்து, நேரம் வந்ததும் கூவுகிற மாத்திரைப் பெட்டி. நான்காவது, போட்டுக்கொண்டிருப்பவர் விழுந்தால் தானாகவே பிள்ளைக்கு டெலிபோன் செய்கிற கைக்கடிகாரம். ஐந்தாவது, பள்ளிக்கூடத்துச் சிலேட்டுப் போல ஒரு டேப்லெட். அதில் ஞாபக சக்தியை வளர்ப்பதற்கென்று விளையாட்டுகள்.

இவ்வளவும் வந்ததற்குக் காரணம், பெரியப்பாவுக்கு மறதி என்று ஏற்பட்டுவிட்டதுதான். சொன்னதையே சொன்னார். கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. சொன்னால் வேறு எதற்கோ சொன்னார். பாங்குக்குப் போனவர் பாதி வழியில் திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். நாலு பேர் பேசுகிற இடத்தில் எழுந்து உள்ளே போய்விடுவார். பிள்ளையும் பெண்ணும் டெலிபோனில் கலந்து பேசினார்கள். கோயமுத்தூரில் முதியோர் குடியிருப்பு ஒன்று இருக்கிறதாம். நர்சு உண்டு, சாப்பாடு உண்டு, பஜனை உண்டு. மன்னார்குடி வீட்டைக் கொடுத்துவிட்டு இரண்டு பேரையும் அங்கே குடிவைத்துவிடுவது என்று பேச்சு. அதுவரைக்கும் ஒரு பந்தோபஸ்துக்காக இந்த ஐந்து பேரையும் அனுப்பி வைத்திருந்தார்கள்.

பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எட்டாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிற பெண்ணுக்குப் பயம் இருக்காதா? பயத்தைப் பார்ஸல் கட்டி அனுப்பினால் அது காமிராவாகத்தான் வந்து சேரும்.

அந்தக் காமிரா செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். அது வந்த நாளிலிருந்து பெரியம்மா கூடத்துக்கு வருமுன் புடைவை மாற்றிக்கொள்ள ஆரம்பித்தாள். பழைய சாதம் சாப்பிடுவதென்றால் சமையலறைக்குள் போய்ச் சாப்பிடுவாள். "இங்கே உட்கார்ந்தா அவ பார்த்துட்டு, ஏம்மா சூடா சாப்பிடலேம்பா" என்பாள். பெரியப்பா ஒரு நாள் ஈரத் துண்டை அதன்மேல் தொங்கவிட்டார். ஐந்து நிமிஷத்தில் டெலிபோன் வந்தது: "அப்பா, துண்டை எடுங்கப்பா!" பெரியப்பாவுக்குக் கோபம். "இலாகாவிலேகூட மேலதிகாரி வருஷத்துக்கு ஒரு தடவைதான் இன்ஸ்பெக்ஷனுக்கு வருவார்" என்றார்.

கைக்கடிகாரம் அவ்வளவு மோசமில்லை. ஒரு தடவை அவர் பலமாகக் கொசு அடிக்கப் போக, ஆள் விழுந்துவிட்டார் என்று அது பெங்களூருக்குத் தகவல் கொடுத்துவிட்டது. அண்ணன் பதறிப் பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பி, அவர் டார்ச் லைட்டுடன் ஓடிவந்தார். இருந்தாலும் ராத்திரி கொல்லைப்பக்கம் போகிற கிழவருக்கு அது வேண்டியதுதான் என்பது என் அபிப்பிராயம். மாத்திரைப் பெட்டியை இன்னும் தாராளமாகவே புகழலாம். பெரியப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. நடுவயதிலிருந்தே கவனிக்காமல் விட்ட ரத்தக் கொதிப்பு மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கெடுத்து, பிற்காலத்தில் மறதி நோய்க்கு வழிசெய்கிறது என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். வேளை தவறாமல் மாத்திரை சாப்பிட வைக்கிற அந்தப் பெட்டி, ஞாபக சக்தி என்ற வார்த்தையையே உச்சரிக்காமல் ஞாபகத்துக்கு வேலை செய்கிறது.

விளையாட்டுச் சிலேட்டு அதற்கு நேர்மாறு. கவிழ்த்து வைத்த சீட்டுகளைப் புரட்டி ஜோடி சேர்க்க வேண்டும். பெரியப்பா மூன்றே வாரத்தில் பத்துப் படி ஏறிவிட்டார். படிக்குப் படி சிலேட்டு கைதட்டிற்று. "அதிலே ஜெயிச்சுண்டேதான் இருக்கார். குடையை எங்கே வச்சோம்னுதான் தெரியலே" என்றாள் பெரியம்மா. இவ்வளவு கச்சிதமாக விஞ்ஞானிகளால்கூடச் சொல்ல முடியவில்லை. அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்ட 2,832 பேருக்கு மூன்று விதமான மூளைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 2002-ல் முடிவு வெளியாயிற்று. எதில் பயின்றார்களோ அதில் கெட்டிக்காரர்கள் ஆனார்கள். மற்றதற்கு அது அவ்வளவாகப் பரவவில்லை. கண் எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறது என்கிற வேகப் பயிற்சி பெற்றவர்களிடையே மறதி நோய் சற்றுக் குறைவு என்று 2017-ல் ஒரு கணக்குக் காட்டினார்கள். அது ஒன்றுதான் ஆறுதல். விளையாட்டு மூளை நோயைத் தள்ளிப்போடும் என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனம், ஆதாரம் போதாது என்று அமெரிக்க அரசு வழக்குப் போட்டதில், 2016-ல் 20 லட்சம் டாலர் கட்டிச் சமாதானம் செய்துகொண்டது.

இனி அந்தப் பேசும் டப்பா. இதைப் பற்றி அவசரப்பட்டு ஒன்றும் சொல்லிவிட முடியாது. பெரியப்பா ஒரு நாளைக்கு நாற்பது தடவை, "இன்று என்ன கிழமை?" என்று கேட்பவர். முதலில் பெரியம்மா பதில் சொன்னாள். பத்தாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். இருபதாவது தடவை, "இப்பத்தானே சொன்னேன்!" என்றாள். அவருக்கு முகம் சுண்டிப்போகும். கேட்டது அவருக்கு நினைவில்லை. ஆனால் அவமானம் மட்டும் நினைவில் நின்றது. டப்பா வந்த பிறகு இந்தச் சங்கடம் போயிற்று. நாற்பதாவது தடவையும் அது முதல் தடவை மாதிரியே பதில் சொல்லிற்று. சலிப்பு இல்லை, பெருமூச்சு இல்லை. அந்தப் பொறுமை யந்திரத்துக்குத்தான் வரும், மனுஷர்களுக்கு வராது.

நான் பெரியம்மாவிடம், "இப்போது உங்களுக்குத் தொந்தரவு விட்டதல்லவா?" என்று கேட்டேன்.

அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே, "விட்டுதுடா தம்பி. இப்ப அவர் என்னை ஒண்ணுமே கேக்கறதில்லை" என்றாள்.

அந்த வீட்டில் எனக்கு உறைத்தது அந்த நிசப்தம்தான். யந்திரங்கள் பேசின, கூவின, கைதட்டின. மனுஷர் இரண்டு பேர் பேசவில்லை. ஐம்பத்தாறு வருஷம் குடித்தனம் செய்தவர்கள்!

பெரியப்பா எந்த இலாகாவில் இருந்தார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1961-ல் தபால் தந்தி இலாகாவில் தந்தி சிக்னலராகச் சேர்ந்தவர். கொஞ்ச காலம் ஒயர்லெஸ் பிரிவிலும் இருந்தார். ஓய்வு பெற்றது 2001-ல். புள்ளியும் கோடுமாக வருகிற மோர்ஸ் சப்தத்தைக் காதால் வாங்கி, கை தன்பாட்டுக்கு எழுத, பக்கத்தில் நிற்பவரோடு பேச்சும் கொடுப்பார் என்று என் அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். 2013 ஜூலையில் நாட்டில் தந்தியையே நிறுத்திவிட்டார்கள். அன்று அவர் சாப்பிடவில்லை என்பதும் அப்பா சொன்னதுதான்.

என் பையன் ஏழாம் வகுப்பு. சாரணர் இயக்கத்தில் இருக்கிறான். அதற்காக மோர்ஸ் படித்துக்கொண்டிருந்தான். செல்போனில் அதற்கு ஓர் ஏற்பாடு உண்டு, பீப், பீ...ப் என்று ஒலிக்கும், இன்ன எழுத்து என்று நாம் சொல்ல வேண்டும். மத்தியானம் ஊஞ்சலில் படுத்துக்கொண்டு அதை வைத்துத் தடுமாறிக்கொண்டிருந்தான். பெரியப்பா சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்தார். காலையிலிருந்து ஒருவர் சொன்னதற்கும் பதில் சொல்லாத மனுஷர் கண்ணைத் திறக்காமலே, "கியூ" என்றார். அடுத்ததற்கு, "எல்" என்றார். பையன் வேகத்தைக் கூட்டினான். அவர் விடவில்லை. கூட்டக் கூட்ட அவர் முதுகு நிமிர்ந்தது. கடைசியில் பையன்தான் செல்போனைக் கீழே வைத்தான்.

மூளை மங்கிய ஆள் இதைச் செய்ய முடியுமா என்று கேட்டால், முடியும். பழைய பழக்கம் மூளையில் வேறு இடத்தில் குடியிருக்கிறது. அது கடைசியில்தான் கிளம்பும். ஆகவே அது என்னை ஆச்சரியப்படுத்தவில்லை. சாய்வு நாற்காலிக்கும் ஊஞ்சலுக்கும் நடுவே பத்தடி தூரம். அந்தச் சன்னமான பீப் அவருக்குக் கேட்டிருக்கிறது. இரண்டடி தூரத்தில் நின்று பெரியம்மா கூப்பிடுவது அவரிடமிருந்து பதில் வாங்கவில்லை. இதுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது. அண்ணனுக்கு டெலிபோன் செய்து சொல்லிவிட்டு, மறுநாள் வடுவூர் வழியாகப் பஸ்ஸில் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனேன்.

டாக்டர் இளவயதுப் பெண். மூன்று வார்த்தைகளைச் சொல்லி, "ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் ஐயா, அப்புறம் கேட்பேன்" என்றார். பெரியப்பா பலமாகத் தலையை ஆட்டினார். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டால் ஒன்றும் வரவில்லை. டாக்டர் சற்று யோசித்தார். ஒரு தாளை எடுத்து வேறு மூன்று வார்த்தைகளைப் பெரிய எழுத்தில் எழுதி வாசிக்கச் சொன்னார். தாளை மடித்து உள்ளே வைத்துவிட்டு, மறுபடி ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டார். "தாமரை, நாற்காலி" என்றார் பெரியப்பா. மூன்றாவது வரவில்லை.

"மறதி இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்," என்றார் டாக்டர் என்னிடம். "ஆனால் எவ்வளவு மறதி, எவ்வளவு காது என்று பிரித்துப் பார்க்காமல் பெரிய பெயர் எதுவும் வைக்கக் கூடாது. காதில் விழாததை எப்படி மறக்க முடியும்?"

பக்கத்திலேயே காதுப் பரிசோதனை. கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து வெவ்வேறு ஸ்தாயியில் ஒலி கொடுத்துக் கோடு போட்டார்கள். கோடு ஆரம்பத்தில் சுமாராகப் போய், பிறகு குளத்துப் படிக்கட்டு மாதிரி கீழே இறங்கிவிட்டது. விஷயம் இதுதான். உட்காதில் நத்தைக் கூடு போன்ற ஒரு சுருளில் சுமார் 15,000 நுண்ணிய மயிர் அணுக்கள் இருக்கின்றன. அவை போனால் மறுபடி முளைப்பதில்லை. வயதாகும்போது மேல் ஸ்தாயியை வாங்குகிறவைதாம் முதலில் போகின்றன. நம் பேச்சில் உயிரெழுத்துகளின் ஒலி கீழே இருக்கிறது; ச, த, க முதலிய மெய்களின் கூர்மை மேலே இருக்கிறது. ஆகவே கிழவருக்குப் பேச்சுச் சத்தம் கேட்கும், பேச்சுக் கேட்காது. பெரியம்மா "தட்டு" என்றால் அவர் காதில் "அட்டு" என்று விழும். தட்டா, கட்டா, பட்டா, சட்டியா? மூளை ஊகம் செய்துகொண்டே இருக்க வேண்டும். அதற்குள் அடுத்த வாக்கியம் வந்துவிடும். நாலு பேர் ஒரே சமயத்தில் பேசினால் அவர் எழுந்து உள்ளே போகாமல் என்ன செய்வார்? மோர்ஸ் பீப் நடு ஸ்தாயியில், 700 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலிப்பது. அங்கே அவர் காது இன்னும் கெட்டி.

இதை மன்னார்குடிச் சமாசாரம் என்று தள்ளிவிட வேண்டாம். 'லான்ஸெட்' என்ற வைத்தியப் பத்திரிகை கூட்டிய நிபுணர் குழு 2024-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மறதி நோய்க்குக் காரணமாகிறவற்றில் நம்மால் சரிசெய்யக்கூடியவை 14 என்றும், அவ்வளவையும் கவனித்தால் உலகத்தில் நோயாளிகளில் 45 சதவிகிதம் வரை தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்றும் அதில் கண்டிருக்கிறது. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, புகை, தனிமை, கண் மங்கல் எல்லாம் பட்டியலில் உண்டு. மேலே நிற்கிறவை இரண்டு, தலைக்கு 7 சதவிகிதம்: ஒன்று கெட்ட கொழுப்பு, மற்றது காது மந்தம். காதுக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம் என்றால் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். ஊகம் செய்தே மூளை களைத்து, நினைவில் வைக்கத் தெம்பு இல்லாமல் போகிறது. ஒலி வராத பகுதிகள் சும்மா கிடந்து சுருங்குகின்றன. கேட்காதவன் மனுஷரை விட்டு விலகுகிறான். பெரியப்பா வீட்டைப் பார்த்தவனுக்கு மூன்றாவது காரணத்துக்கு ஆராய்ச்சியே வேண்டாம்.

ஆனால் காதுக் கருவி மாட்டினால் மறதி நின்றுவிடும் என்று யாரும் கடை விரித்தால் நம்பக் கூடாது. அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையுள்ள 977 பேரை மூன்று வருஷம் கவனித்து 2023-ல் முடிவு சொன்னார்கள். எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் கருவி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் புத்தியில் வித்தியாசம் தெரியவில்லை. வயதும் மற்ற நோய்களும் அதிகமாக இருந்த ஒரு பிரிவினரிடம் மட்டும், கருவி போட்டவர்களுக்கு மங்குவது 48 சதவிகிதம் நிதானப்பட்டது. நான் பெரியப்பாவை அந்தப் பிரிவில் சேர்த்துக்கொண்டேன். விஞ்ஞானம் கொடுக்காத உரிமைதான், உறவு கொடுக்கிறது.

கருவியின் விலைக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கலாம். அண்ணன் பணம் அனுப்பினான். (வருமானம் குறைந்த முதியோருக்கு 2017-ல் தொடங்கிய ராஷ்ட்ரீய வயோஸ்ரீ என்ற மத்திய அரசுத் திட்டத்தில் காதுக் கருவி, மூக்குக்கண்ணாடி, கைத்தடி முதலியவை இலவசமாகக் கிடைக்கின்றன. தெரிந்தவர்களிடம் சொல்லி வையுங்கள்.) மாட்டிய முதல் வாரம் ரகளை. மிக்ஸி ஓடினால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். பாத்திரம் விழுந்தால் துள்ளினார். காகிதம் சரசரப்பது இடி மாதிரி இருக்கிறதென்றார். கழற்றி வெற்றிலைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டார். இந்த இடத்தில்தான் பல வீடுகளில் கருவி நிரந்தரமாகப் பெட்டிக்குள் போய்விடுகிறது. வருஷக்கணக்கில் வராத சத்தத்தை மூளை மறுபடி பழகிக்கொள்ள வாரக்கணக்கில் ஆகும் என்று பரிசோதித்தவர் முன்பே எச்சரித்திருந்தார். முதலில் ஒரு மணி நேரம், அமைதியான அறையில், ஒரே ஒரு ஆளோடு பேச வேண்டும். அப்புறம் இரண்டு மணி. அந்த ஒரு ஆள் பெரியம்மா. தினம் சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு எதிரே உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசு என்று வைத்திய உத்தரவு! கல்யாணமான புதிதில்கூட அவர்களுக்கு இப்படி ஒரு உத்தரவு கிடைத்திருக்காது. மூன்றாம் வாரம் தஞ்சாவூர் போய்க் கொஞ்சம் திருகிச் சரிசெய்துகொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு பெட்டிக்குள் போகவில்லை. பொத்தான் மாதிரி இருக்கிற பாட்டரியை மாற்றுவது அவர் பொறுப்பு. வேறு ஒருவரும் தொடக் கூடாது. தந்தியாபீஸ் ஆள் அல்லவா?

பையன் ஊருக்குப் புறப்படுமுன் இன்னொன்று செய்துவிட்டு வந்தான். செல்போனில் எழுத்துகள் அரிசி மாதிரி நெருங்கி இருக்கின்றன. நடுங்குகிற விரலால் ஒன்றைத் தொட்டால் இன்னொன்று விழும். பெரியப்பா செல்போனில் எழுதுவதை விட்டே பல வருஷம். அதே செல்போனில் எழுத்துகளை எடுத்துவிட்டு, புள்ளிக்கு ஒன்று கோட்டுக்கு ஒன்று என்று இரண்டே பெரிய விசைகள் வரும்படி செய்யலாம். கூகிள் அதை 2018-ல் கொண்டுவந்தது. தானியா ஃபின்லேசன் என்ற அமெரிக்கப் பெண்மணியின் உழைப்பு அதில் இருக்கிறது. பிறவியிலேயே மூளைவாதம் கண்டு பேச்சு வராதவர். தலைக்கு இரு பக்கமும் பொத்தான் வைத்து, தலையை அசைத்தே மோர்ஸில் எழுதுகிறவர். அவருக்காக ஏற்பட்டது மன்னார்குடிக்கு வந்து சேர்ந்தது.

இப்போது பெரியப்பா என் பையனுக்குத் தினம் இரண்டு வரி அனுப்புகிறார். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதுவார். அநாவசியமாக ஒரு வார்த்தை இராது. வார்த்தைக்குக் காசு என்று நாற்பது வருஷம் எண்ணியவர். "மழை பலம். குளம் பாதி. பெரியம்மா முழங்கால் தேவலை." பையன் மோர்ஸில் பிழை விட்டால் மறுநாளே கண்டனம் வரும். சீட்டு விளையாட்டில் அவர் பரீட்சை எழுதுகிற பையன். இங்கே அவர் வாத்தியார். அந்தச் சிலேட்டின்மேல் இப்போது பெரியம்மா அப்பளம் உலர்த்துகிற துணியை மடித்து வைத்திருக்கிறாள்.

2025-ல் இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 57 ஆராய்ச்சிகளை, நாலு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் விவரங்களை, ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். 50 வயதுக்கு மேல் கம்ப்யூட்டர், செல்போன் முதலியவற்றைப் புழங்குகிறவர்களுக்குப் புத்தி மங்குவது குறைவு என்று கண்டார்கள். புழங்குவதால் புத்தி நிற்கிறதா, புத்தி நிற்பதால் புழங்குகிறார்களா? கோழியா முட்டையா என்பது தீரவில்லை. நான் பார்த்த மட்டில், கிழவரை மனுஷர் பக்கம் திருப்பி உட்கார வைக்கிற யந்திரம் ஒரு ஜாதி, மனுஷருக்குப் பதிலாக வந்து உட்காருகிற யந்திரம் இன்னொரு ஜாதி. விலையை வைத்தோ, பெட்டிமேல் போட்டிருக்கிற படத்தை வைத்தோ அவற்றைப் பிரிக்க முடியாது. பேசும் டப்பா இரண்டு ஜாதியிலும் சேர்த்தி.

வீட்டு விஷயம் இன்னும் முடிவாகவில்லை. காமிராவைக் கூடத்திலிருந்து எடுத்து வாசல் கதவுக்கு நேரே மாட்டியாயிற்று. அதற்கு அக்கா சம்மதிக்க இரண்டு மாதம் ஆயிற்று. டிசம்பரில் அவள் வருகிறாள். நேரில் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்கிறாள். அது நியாயம்தான். மறதி போய்விடவில்லை. தஞ்சாவூர் டாக்டர் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வரச் சொல்லியிருக்கிறார். இரண்டாவது தடவை எழுதிக் காட்டிய மூன்று வார்த்தைகளில் அவருக்கு வந்தது மறுபடியும் இரண்டுதான். அதே இரண்டில் நிற்பதே பெரிது என்றார் டாக்டர்.

போன வாரம் நான் மட்டும் போயிருந்தேன். சாயங்காலம். காதில் கருவி இருந்தது. நெல் விலை, பக்கத்து வீட்டுக் கல்யாணம் எல்லாம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று, "உங்க அப்பா ஏன் வரலே? அவனை ஏன் விட்டுட்டு வந்தே?" என்று கேட்டார்.

என் அப்பா 2019-ல் காலமானார். கொள்ளி வைத்த அன்று பக்கத்தில் நின்றவர் இவர். சொன்னேன், கருவிக்குத் தேவையில்லாத அளவு மெதுவாக. கேட்டுவிட்டது. வெகுநேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம், "இன்னிக்கு என்ன கிழமை?" என்றார்.

டப்பா மாடத்தில்தான் இருந்தது. அவர் அதன் பக்கம் திரும்பவில்லை. பெரியம்மா உள்ளிருந்து காபி டம்ளருடன் வந்துகொண்டிருந்தாள். "வியாழக்கிழமை" என்றாள்.